வெயிலில் காயப்போட்ட சிரிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாரோ வாசற்கதவைத் தட்டியபோது நான் அலுமாரிக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தத் தொடரை முதலில் இருந்து வாசித்து வருகிறவர்கள் இதற்காக வியக்கமாட்டார்கள். கிணற்றுக் கட்டின் பின்னால் ஒளிந்த கதையையும், மேலதிகாரி வருகிறார் என்றதும் மேசைக்குக் கீழே புகுந்து பேனை தேடிய கதையையும் ஏற்கனவே எழுதிவிட்டேன். ஒரு வாசகர், 'உங்கள் வாழ்க்கையில் நீங்கள் நிமிர்ந்து நின்ற இடம் ஏதும் உண்டா?' என்று கடிதம் போட்டிருந்தார். உண்டு ஐயா. அலுமாரிக்குள் நிமிர்ந்துதான் நின்றேன். குனிய இடமில்லை.

உள்ளே பூச்சி உருண்டை மணமும் கடல் மணமும் கலந்து அடித்தது. புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் உடுப்புக்கும் அந்த மணந்தான், உப்புக்கும் அந்த மணந்தான்.

தட்... தட்தட்... தட்.

உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் கதவை அப்படித் தட்டுவார். நாடக மேடையில் திரைக்குப் பின்னால் நின்று மத்தளக்காரனுக்குக் கொடுக்கிற குறிப்பு அது. 'நான் வரப்போகிறேன், நீ தொடங்கு' என்று அர்த்தம்.

"இஞ்சாருங்கோ," என்றாள் என் மனைவி பாக்கியம், அலுமாரிக் கதவில் வாயை வைத்து. "செல்லத்தம்பி அண்ணை வந்து நிக்கிறார்."

"நான் வீட்டில இல்லையெண்டு சொல்லு."

"நான் ஏன் பொய் சொல்ல வேணும்? நீங்களே வெளியில வந்து, நீங்கள் இல்லையெண்டு சொல்லுங்கோ."

வாசலில் நின்றவரால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஏலாது. தொண்டையில் ஒப்பரேஷன் செய்து குரலை எடுத்து மூன்று நாலு வருடம் ஆகியிருந்தது. கூப்பிட ஏலாத ஒருவர் வெளியே. பதில் சொல்லத் துணியாத ஒருவன் உள்ளே. அவ்வளவு அமைதியான சந்திப்பை எங்கள் தெரு அதற்கு முன் கண்டிராது.

விசயம் இதுதான். அந்த மனிதருடைய குரல் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது. என்னிடம் இருந்த ஒரு இசைத்தட்டில். அதை நான் கொன்றுவிட்டேன். கொன்று ஐந்து வாரம். அவருக்கு இன்னும் தெரியாது.

ஆடு கத்தும் தட்டு

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்ட காலத்தில் நான் துறைமுகக் களஞ்சியத்தில் இளம் கிளாக்கர். கப்பலில் ஏற்றாத சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கிண்ணியாவில் பழைய சாமான் வியாபாரம் செய்த ஹனிபா நானா ஒரு தொகை இரும்புக் கட்டில் எடுத்தார். கட்டில்களோடு மூன்று மரப்பெட்டிகளும் அவர் தலையில் விழுந்தன. திறந்து பார்த்தால் கறுப்புத் தட்டுகள். மாலுமிகள் தங்கள் கன்ரீனில் போட்டுத் தேய்த்தவை.

"கிளாக்கர், இது பாட்டு இல்ல, பைத்தியம்," என்றார் நானா. "ஒருத்தன் ஆடு மாதிரிக் கத்துறான். மத்தவன் கரண்டியால தன்ட தலையிலயே தட்டுறான் போல கிடக்கு. யாரு வாங்குவா?"

"நான் எடுக்கிறன் நானா."

"ஆடு கத்துறதக் கேக்கப் பெட்டி என்னத்துக்கு? என்ட வளவுக்கு வாங்க, சும்மா கேக்கலாம்."

ஆனாலும் பெட்டிகளைத் தூக்கித் தந்துவிட்டார். அவருக்கு இடம் வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்திருக்கும்.

சங்கீதம் தெரிந்தவர்கள் சேர்க்கிற தட்டுகள் வேறு. அவர்கள் வீட்டு அலுமாரியில் வித்துவான்கள் இருப்பார்கள். என் அலுமாரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கோமாளிகள். மூக்கால் சீழ்க்கை அடிக்கிறவன். தும்மிக்கொண்டே பாடுகிறவன். மரம் அரிகிற வாளை வளைத்துப் பிடித்து வில்லால் அழவைக்கிறவன். புருசன் பெண்சாதிச் சண்டையைப் பியானோவுக்கு ஏற்றபடி போடுகிற ஒரு சோடி.

ஒரு தட்டில் ஒருத்தி பாடிக்கொண்டே போவாள். நடுவில் நிறுத்துவாள். மேளம் மட்டும் உருளும். பிறகு கூட்டம் கூரை பறக்க விசிலடிக்கும். எதையோ கழற்றியிருக்கிறாள். என்னத்தை என்பது தட்டில் தெரியாது. ஆராய்ச்சிக்காக அதை நான் எத்தனையோ தடவை போட்டேன். குசினியில் இருந்து பாக்கியம் சொன்னாள்:

"கையுறையாக்கும். ஊசியைத் தூக்கி வைச்சிட்டு வந்து தேங்காயைத் துருவுங்கோ."

ஏன் சேர்த்தாய் என்று கேட்டால் நேரான பதில் ஒன்று உண்டு. எனக்குப் பயம் கூடுதல். கடிதம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். முகம் தெரியாத ஒருவன் எங்கோ ஒரு மேடையில் தன் மானத்தைக் கொடுத்துச் சிரிப்பு வாங்கியிருக்கிறான். அதைக் கேட்கிற மூன்று நிமிடத்துக்கு என் நெஞ்சு ஒழுங்காக அடிக்கும். மருந்து மாதிரி. பாக்கியம் அதை நம்பவில்லை. மருந்தென்றால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக இவ்வளவு போடத் தேவையில்லை என்பது அவள் கட்சி.

மூட்டை எண்ணியவரின் மூன்று நிமிடம்

பிறகு தமிழ்த் தட்டுகளுக்கும் கை நீண்டது. கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவர் எறிவதற்காகக் கட்டி வைத்திருந்த தட்டுகளுக்குள் அந்தத் தட்டு கிடந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாள் பாதி உரிந்திருந்தது. மிச்சப் பாதியில், 'பபூன் செல்லத்தம்பி. சிரிப்பு' என்றிருந்தது.

எங்கள் துறைமுகத்தில் அரிசி மூட்டை எண்ணுகிற செல்லத்தம்பி அண்ணை இளமையில் நாடகக் கம்பனி ஒன்றோடு திரிந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த நாள் தட்டை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. இறங்குதுறை முழுக்கக் கேட்கிற குரல்.

"அட கிளாக்கர்! உந்தத் தட்டை எங்க கண்டெடுத்தீர்? என்னட்டயே ஒண்டு இல்லை. என்ர மனிசி கோவத்தில உடைச்சவள்."

"என்ன கோவம் அண்ணை?"

"மெட்ராசுக்குப் போய்ச் சேலை கொண்டு வருவன் எண்டு பார்த்திருந்தவள். நான் சிரிப்பைக் கொண்டு வந்தனான்."

ஒரு பக்கத்தில் ரயில் பாட்டு. சக்கரம், கூவல், ரிக்கற் பரிசோதகர், ரிக்கற் இல்லாத மாமி, எல்லாம் அவரே. மறுபக்கத்தில் வெறும் சிரிப்பு. மரண வீட்டுக்குப் போன ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அடக்குகிறார். இருமல் மாதிரி மாற்றுகிறார். அழுகை மாதிரி மாற்றுகிறார். முடியவில்லை. அந்தச் சிரிப்பு எங்கே இருந்து வருகிறதென்று சொல்ல ஏலாது. வயிற்றில் இருந்து என்றும் சொல்லலாம், துறைமுகத்தின் அடியில் இருந்து என்றும் சொல்லலாம். அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தவர் நான் அறிய ஒருவரும் இல்லை. ஹனிபா நானா கிராமபோன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தவர்.

ஆனால் தட்டின் கடைசியில், தாளுக்குக் கிட்ட, இன்னொன்று இருந்தது.

மெட்ராசில் அன்று அவரைத் திரும்பத் திரும்பச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். காலையில் இருந்து சாப்பாடும் இல்லை. கடைசி முறை சிரித்து முடித்ததும் இயந்திரம் நின்றுவிட்டதென்று நினைத்து, பதிவு செய்த பெரியவரைப் பார்த்து மெல்லக் கேட்டிருக்கிறார்: "காணுமே, ஐயா?" இவ்வளவும் போதுமா என்று. இயந்திரம் நிற்கவில்லை. கம்பனிக்காரர் அதையும் சேர்த்தே தட்டாக அடித்து விற்றுவிட்டார்கள்.

ஊரில் சனம் சிரிப்பை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் போனால், "காணுமே, ஐயா?" மூட்டை தூக்குகிறவர்கள் இறக்கி வைத்ததும் அவரைப் பார்த்து, "காணுமே, ஐயா?" மேடையில் ராசாவையே ஏறி மிதிக்கிற பபூன், அந்த ஒரு வரியில் பசியோடு நிற்கிற கூலிக்காரன் ஆகிவிட்டார். அதனால் என் வீட்டில் தட்டைப் போட்டால் ஊசியைத் தூக்குவது அவர்தான். சிரிப்பு முடிகிற இடம் அவருக்கு மயிரிழை பிசகாமல் தெரியும். தூக்கிவிடுவார்.

"அதுக்கு அங்கால ஒண்டும் இல்லை," என்பார். "வெறும் தட்டு."

ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வரத் தொடங்கினார். கதைக்க வேண்டியதை எழுதுவார். சட்டைப் பையில் கிழித்த கலண்டர்த் தாள்களும் ஒரு கட்டைப் பென்சிலும் இருக்கும். முடிந்துபோன நாட்களின் முதுகில் எழுதுவார். கதைத்த மாதிரியே எழுதுவார்.

தட்டு சுழலத் தொடங்கியதும் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். பெட்டிக்குள் சிரிப்புத் தொடங்கும். அவர் வாய் திறக்கும். தோள் குலுங்கும். கண்ணில் நீர் வரும். இருமல் வருகிற இடத்தில் இருமுகிற மாதிரி. அழுகை வருகிற இடத்தில் அழுகிற மாதிரி. ஒரு இழை பிந்தாது, முந்தாது. புதிதாக வந்தவர் யாராயிருந்தாலும் அவர்தான் சிரிக்கிறார் என்று சத்தியம் செய்வார்கள். மூன்று நிமிடம் அவர் குரலுள்ள மனிதர். பிறகு எழும்பி ஊசியைத் தூக்குவார். தண்ணீர் குடிப்பார். போவார்.

அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் பொறுப்பெடுத்து வைத்திருந்தேன். பயந்தவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை இனிச் சொல்கிறேன்.

கருவாட்டு முறை

அந்தப் பெரிய புயலைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கூரைத் தகரம் போனது, கடல் வந்தது. கடல் இடுப்பளவு வந்து அலுமாரியைத் திறந்து பார்த்து, தட்டுகளின் உறைகளை எல்லாம் கஞ்சியாக்கிவிட்டுத் திரும்பிப் போனது. ஆனால் ஒரு தட்டும் உடையவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் தின்கிற விசயம். புயல் ஒரு தட்டையும் உடைக்கவில்லை.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. எங்கள் பக்கத்தில் நனைந்த எதையும் வெயிலில் போடுவதுதான் முறை. நெல், பாய், புத்தகம், தலையணை, காணி உறுதி, கலியாணப் படம், எல்லாம் முற்றத்துக்கு வந்தன. துறைமுகத்துத் தெருக்களே அன்று ஒரு பெரிய கருவாட்டு வாடி மாதிரி இருந்தன.

தட்டுகளில் உப்புப் பூத்திருந்தது. ஊசி ஓடுகிற இழைக்குள் உப்பு இறங்கிவிட்டால் குரல் போய்விடும் என்று எனக்குப் பயம். ஒவ்வொன்றாக மழைத்தண்ணீரில் கழுவினேன். அதோடு நின்றிருக்கலாம். நிழலில் சாத்தி வைத்திருக்கலாம். 'இன்னும் ஈரம் இருக்கிறதே, பூஞ்சணம் பிடிக்குமே' என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாக்கியம் சாம்பல்தீவுக்காரி, மீன் காயவைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அவளிடம் கேட்டேன்.

"சேத்தில போடாதையுங்கோ," என்றாள். "உந்தத் தகரத்தில பரப்புங்கோ. கெதியாக் காயும்."

பறந்து விழுந்த கூரைத் தகரங்கள் முற்றம் முழுக்கக் கிடந்தன. துப்புரவாக, சூடாக, வரிவரியாக. ஒரு தகரத்துக்கு நாலு ஐந்து தட்டு. கோமாளிகள் எல்லாரையும் வரிசையாகப் படுக்க வைத்தேன்.

செல்லத்தம்பி அண்ணையை மட்டும் அந்தக் கும்பலோடு போட மனம் வரவில்லை. அவருக்குத் தனிக் கட்டில். பால்மா வந்த ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்து வைத்து, அதன் தலையில் தட்டின் நடுப்பகுதி பொருந்த வைத்தேன். கீழாலும் காற்றுப் பிடிக்கட்டும் என்று. என் வாழ்க்கையில் நான் அதிகம் யோசித்துச் செய்த காரியம் அது.

பிறகு நிவாரணப் பாண் வரிசையில் நிற்கப் போனேன். போகிறபோது பாக்கியம் கூப்பிட்டுச் சொன்னாள்: "கருவாடெண்டால் ஒருக்காத் திருப்பிப் போட வேணும்." திரும்பி வந்து, தகரத்தில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பியும் போட்டேன். கொஞ்சம் தொய்வாக இருந்த மாதிரி இருந்தது. கை ஈரம் என்று நினைத்தேன். இன்னொரு முறை வரிசைக்குப் போனேன்.

மீண்டும் வந்தபோது என் தட்டுகள் எல்லாம் தகரமாகிவிட்டிருந்தன. அதே வரி. அதே வளைவு. ஆட்டுக்காரன், தும்மல்காரன், கையுறைக்காரி, எல்லாரும் கடல் அலை மாதிரி நெளிந்து கிடந்தார்கள். தட்டு அரக்கால் செய்தது என்பது எனக்குத் தெரியும். அரக்கு வெயிலில் இளகும் என்பதும் தெரியும். தபாற்கந்தோரில் பொதிகளுக்கு அரக்கு உருக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரிந்ததெல்லாம் அன்று எங்கே போயிருந்ததோ.

பேணியைப் பார்க்கத்தான் கடைசியாகப் போனேன். தட்டின் நடு மட்டும் பேணியில் தட்டையாக இருந்தது. மிச்சம் முழுக்கச் சுற்றிவரக் கீழே தொங்கியிருந்தது. காளான் மாதிரி. அல்லது தொப்பி மாதிரி.

பாக்கியம் வந்து பக்கத்தில் நின்றாள்.  அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை.

மற்றத் தட்டுகளைக் கொதிதண்ணீரில் தோய்த்துக் கண்ணாடிக்கிடையில் அழுத்திப் பார்த்தேன். பாதி வெடித்தன. மிச்சம் தட்டையாகின, ஆனால் இழை அழிந்து, ஊசி வைத்தால் மணல் கொட்டுகிற சத்தம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, வளைந்த தட்டுகளைச் சுடுதண்ணீரில் இளக்கி ஓரம் சுருக்கி, கிண்ணம் செய்துகொண்டு போனார்கள். வெகுகாலம் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முறுக்கு வந்தது கோமாளிகளின் மேல்தான்.

அண்ணையின் தட்டை நான் தண்ணீரிலும் வைக்கவில்லை, கண்ணாடியிலும் வைக்கவில்லை. தொடவே பயம்.

அலுமாரிக்குக் காது வைத்தவன்

புயலில் வீடு போனதால் செல்லத்தம்பி அண்ணை தம்பலகாமத்தில் மகள் வீட்டில் இருந்தார். அவர் திரும்பி வருமுன் இன்னொரு பிரதி தேடிப் பிடித்துவிட்டால் உலகத்துக்கு ஒன்றும் தெரியவராது. இது என் திட்டம். ஹனிபா நானாவிடம் ஓடினேன்.

"ஒண்டு இருந்திச்சு," என்றார் அவர். "கட்டைபறிச்சான் ஓடாவியாருக்குக் குடுத்தன். போய்க் கேளுங்க. ஆனா கிளாக்கர், போகமுதல் அந்த மனிசனிட்டப் போய் உண்மையச் சொல்லுங்க."

"சொல்லத்தான் போறன் நானா. தட்டோட போய்ச் சொல்லுறன்."

"தட்டுக் கிடைச்சா நீங்க சொல்லமாட்டீங்க. எனக்குத் தெரியும்."

அவருக்கு என்னைத் தெரியும்.

மூதூர் லோஞ்சில் ஏறினேன். கொட்டியார்க் குடாவின் நடுவில் லோஞ்ச் ஆடியபோது மற்றவர்கள் தங்கள் தெய்வங்களைக் கூப்பிட்டார்கள். நான் தட்டின் நினைவாகவே இருந்தேன். கட்டைபறிச்சானில் மரவேலை செய்கிற ஓடாவியாரின் கொட்டில் முன்னால் போய் நின்று கேட்டேன்.

"சிரிப்புத் தட்டோ? ஓம் ஓம், இருந்தது," என்றார் ஓடாவியார். என் காலில் உயிர் வந்தது. "நல்ல அரக்கு."

"அரக்கோ?"

"நொறுக்கி ஸ்பிரிட்டில ஊறப்போட்டு வடிச்சனான். அருமையான பொலிஷ். அங்க பாருங்கோ."

மூலையில் ஒரு சீதன அலுமாரி நின்றது. அதன் கதவில் என் முகம் தெரிந்தது. வியர்த்து, வாய் திறந்து, தலைமயிர் குத்திட்டு. அவ்வளவு நல்ல பொலிஷ்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு விளக்கம் இல்லை. கிட்டப் போய் அலுமாரியில் காதை வைத்தேன்.

"என்ன கிளாக்கர்," என்றார் ஓடாவியார், உளியைக் கீழே வைத்துவிட்டு. "உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?"

திரும்பி வருகிற லோஞ்சில் ஒரு பொய் தயாரித்தேன். தட்டைக் கடல் கொண்டு போய்விட்டது. புயல் செய்தது. எல்லாருக்கும் ஏதோ போனது. அவருக்குக் குரல் போனது. நல்ல பொய். கடல் வந்து மறுக்கப் போவதில்லை. ஒத்திகை பார்த்தேன். நெஞ்சில் கை வைக்க வேண்டிய இடம்கூடத் தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிறு, தம்பலகாமத்தில் இருக்கிறார் என்று நான் நம்பியிருந்தவரின் தட்டல் கேட்டதும், ஒத்திகை பார்த்த மனிதன் எங்கே போனான் என்று தெரியாது. கால்கள் தாமாக அலுமாரிக்கு நடந்தன. தட்டுகள் இருந்த அலுமாரி. இப்போது எனக்கு நிமிர்ந்து நிற்குமளவுக்கு இடம் இருந்தது.

சாரத்தின் நுனி

பாக்கியம் வாசற்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. "வாங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னாள். செருப்புக் கழற்றுகிற சத்தம். கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது இடுப்பில் ஏதோ மெல்ல இழுத்தது. ஒருமுறை. இரண்டுமுறை. நான் உடுத்திருந்த சாரத்தின் நுனி அலுமாரிக் கதவிடுக்கில் அகப்பட்டு வெளியே தொங்கியிருக்கிறது. யாரோ மணிக்கயிறு மாதிரி அதை இழுத்துப் பார்க்கிறார்கள்.

கதவு திறந்தது. செல்லத்தம்பி அண்ணை நின்றார். முன்னைவிட மெலிந்திருந்தார். என்னைத் தலையில் இருந்து கால் வரை பார்த்தார். கலண்டர்த் தாளை எடுத்து அலுமாரிப் பலகையிலேயே வைத்து எழுதி நீட்டினார்.

'உள்ளுக்கு என்ன நாடகம் கிளாக்கர்? ரிக்கற் எவ்வளவு?'

ஒத்திகை பார்த்த பொய்க்காக வாயைத் திறந்தேன். "அண்ணை, கடல்..." என்று தொடங்கினேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். கதைக்க ஏலாத மனிதர் காத்துக்கொண்டு நிற்கும்போது பொய் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"கடல் இல்லை அண்ணை. நான்தான். வெயிலில போட்டிட்டன்."

மேல்தட்டில் துணியால் மூடி வைத்திருந்ததை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

வாங்கினார். திருப்பிப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். பிறகு அதைத் தூக்கித் தலையில் வைத்தார்.

அளவாக இருந்தது. ஒரு பக்கம் சரித்து விட்டார். மீசையை முறுக்கினார். இடுப்பில் கை வைத்து, கால்களை அகட்டி, பழைய பபூன் நடை நாலடி நடந்து, திரும்பி, பாக்கியத்துக்கு வணக்கம் வைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு சிரித்தேன். அவரும் வாயைத் திறந்து தோளைக் குலுக்கினார்.

சத்தம் வரவில்லை.

எங்கள் இரண்டு பேரின் சிரிப்பும் அப்படியே நின்றது. அவர் தட்டைத் தலையில் இருந்து எடுத்தார். கதிரையில் இருந்தார்.  எழுதினார்.

'போடும்.'

"ஏலாது அண்ணை. எல்லாம் வளைஞ்சு போச்சு."

'நடு வளையேல்லை. போடும்.'

கிராமபோன் பெட்டி அலுமாரியின் தலையில் இருந்ததால் கடலுக்குத் தப்பியிருந்தது. அதே பால்மாப் பேணியின் மூடியை எடுத்து, நடுவில் துளை போட்டு, அடியில் வைத்து, அதன் மேல் தட்டை இருத்தினேன். சாவி கொடுத்தேன். குடை மாதிரி அது சுழன்றது. தட்டையாக மிஞ்சியிருந்தது தாளைச் சுற்றி ஒரு விரல் அகலம்கூட இல்லை. அங்கே என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊசியை வைத்தேன்.

இரைச்சல். பிறகு ஒரு மனிதர் மூச்சு வாங்குகிற சத்தம். நன்றாகச் சிரித்து முடித்த ஒருவர் வாங்குகிற மூச்சு. சிரிப்பில் மிச்சம் அவ்வளவுதான். அதன் பிறகு, இளம் குரல், மெல்ல:

"காணுமே, ஐயா?"

ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

திரும்பப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். போட்டேன். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் முறை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மூச்சு வருகிற இடத்தில் நெஞ்சு உயர்ந்து தாழ்ந்தது. பிறகு உதடுகள் அசைந்தன. ஒரு இழை பிந்தவில்லை, முந்தவில்லை. கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். மெட்ராசில் அந்தப் பெரியவர் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தேன் போலும்.



போகிறபோது வழக்கம்போலத் தண்ணீர் குடித்தார். 

அடுத்த ஞாயிறு பின்னேரம் தட்... தட்தட்... தட் என்று கேட்டது. நான் அலுமாரிப் பக்கம் பார்த்தேன். பாக்கியம் என்னைப் பார்த்தாள். போய்க் கதவைத் திறந்தேன்.

அவர் படுக்கையில் விழும்வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை. மகள் வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்து வருவார், ஒரு மூச்சுக்கும் ஒரு வரிக்குமாக. நான் பேணி மூடியை வைத்துத் தட்டை இருத்துவேன். அவர் கதிரையில் நிமிர்வார். தட்டு அந்தக் கேள்வியைக் கேட்கும், அவர் உதடும் கேட்கும். நான் ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. ஊசி தாளுக்குக் கிட்ட வந்து வெறும் இழையில் சுற்றிக்கொண்டிருக்கும். அவரும் தூக்கமாட்டார், நானும் தூக்கமாட்டேன். சாவி தீர்ந்து, தட்டு மெல்ல மெல்லத் தளர்ந்து, தானாக நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.